ரெண்டு காடி தளர்வு

பிப்ரவரி 9

சுண்டெலிக்கு,

அண்ணன் எழுதுறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். உங்க அண்ணிக்கு முழங்கால், எனக்குக் காது. அதுக்கு மேல குறை சொல்ல ஒண்ணுமில்லை. நீ எப்படி இருக்கே? ஒண்டியாளுக்கு என்னத்த சமைக்கிறதுன்னு பட்டினி கிடக்காதே.

போன் பண்ணினா எடுக்கிறதே இல்லைன்னு அண்ணிகிட்ட கோவிச்சுக்கிட்டயாம். நாப்பத்தெட்டு வருஷம் ரம்பத்துக்குப் பக்கத்துல நின்ன காது இது. நீ போன்ல பேசினா தேனீ புகுந்த மாதிரி இருக்கு. கடுதாசி எழுது. கடுதாசிக்குக் காது வேண்டாம்.

மர மில்லை மூடுறேன். ரம்பம், மேடை எல்லாத்துக்கும் ஆள் வந்தாச்சு. நம்ம டிராக்டர் டொப்பனை மட்டும் எவனுக்கும் விக்க மனசு வரலை. தொழில்நுட்பக் கல்லூரிக்குக் கொடுத்துடுறேன்னு சொல்லிட்டேன். வாசல்ல கூரை போட்டு நிறுத்தி வைப்பாங்களாம். ஆனா ஓடுற நிலையில வேணுமாம். ஆகஸ்ட் கடைசியில லாரி வரும்.

பார்க்க வந்த வாத்தியாரைச் சொல்லணுமே. ஏறி உட்கார்ந்து பத்து நிமிஷம் காலால கிளட்சைத் தேடினார். “சார், இந்த டிராக்டருக்குக் கிளட்ச் கையில, அதோ வலது பக்கம் நீட்டிக்கிட்டிருக்கே லிவர், முன்னால தள்ளினா பிடிக்கும், பின்னால இழுத்தா விடும்”னேன். மனுஷன் எழுந்து கும்பிட்டார்.

அந்தக் கிளட்ச்தான் இப்ப வழுக்குது. திறந்து சரி பண்ணணும். தட்டு மாத்துறது, நட்டு முறுக்குறது எல்லாம் நான் பார்த்துக்குவேன். கடைசியில நட்டு கழண்டுக்காம இருக்க மூணுலயும் ஸ்பிளிட் பின் கோக்கணுமே, அது உன் வேலை. பெல்ட் ஓடுற புல்லிக்குள்ள கை போகணும். அப்பா “சுண்டெலி எங்க?”ன்னு கத்துவார், நீ சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு ஓடி வருவே. என் விரல் அப்பவே வாழைக்காய், இப்ப கேக்கவே வேண்டாம்.

ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போ. மூணு பின்னை வை. அது போறதுக்கு முன்னால ஒரு தடவை பார்த்துக்கோ.

உடம்பைப் பார்த்துக்கோ. பதில் போடு.

அண்ணன்


பிப்ரவரி 27

அண்ணாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் கடுதாசி வந்ததும் நின்னுக்கிட்டே படிச்சேன், அப்புறம் உட்கார்ந்து படிச்சேன். அண்ணி முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லு. நீயும் கொஞ்சம் கொடுத்தா கை தேஞ்சு போயிடாது. இந்தப் பேனா சரியில்லை, எழுத்து கோணல் மாணலா வருது, திட்டாதே.

டொப்பன் போறானா! படிச்சதும் அந்தச் சத்தம்தான் காதுல கேட்டுச்சு. டொப்பு, டொப்பு, நடுவுல ஒண்ணை முழுங்கிட்ட மாதிரி ஒரு இடைவெளி, மறுபடி டொப்பு. நமக்குத் தூக்கம் வராத மத்தியானத்துல அந்தச் சத்தத்துலதான் அம்மா நம்மளைத் தூங்கப் பண்ணுவா. நின்னா முழிச்சுக்குவோம். பெல்ட் சூடான வாசனை, ஈர மரத்தூள், அப்பாவோட காக்கிச் சட்டை முதுகுல வேர்வை வரைஞ்ச படம். இங்க மூணாவது மாடியில உட்கார்ந்துக்கிட்டு எல்லாத்தையும் மோந்துட்டேன்.

வர ஆசைதான். ஆனா தையல் கடையில பள்ளிச் சீருடை சீசன், கழுத்துக்கு மேல வேலை. இப்ப முடியாது, அப்புறம் பார்க்கலாம்.

நீ ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. மூணு நட்டையும் கையால விரல் முறுக்கு முறுக்கிட்டு, அங்கேர்ந்து கணக்கு ஆரம்பி. நட்டுத் தலையில பின் போக வெட்டு வெட்டா காடி இருக்கே, ஒரு காடி இதுல, ஒரு காடி அதுல, ஒரு காடி அடுத்ததுல. ஒண்ணை மட்டும் இழுத்துப் பிடிச்சுட்டா தட்டு கோணிக்கிட்டு உட்காரும். உனக்குப் பொறுமை கிடையாது, அதான் சொல்றேன்.

எல்லாரையும் கேட்டதாச் சொல்லு.

சுண்டெலி


மார்ச் 8

சுண்டெலிக்கு,

சௌக்கியம். ஒத்தடம் கொடுத்தேன். தண்ணி சூடுன்னு அண்ணி என்னைத் திட்டினது தெருக்கோடிக்குக் கேட்டுச்சாம், எனக்குத்தான் கேக்கலை.

கிளட்சைத் திறந்துட்டேன். தட்டு மூணும் எண்ணெய்ல ஊறி அப்பளமா கிடக்கு. பிரேக் லைனிங் போடுறவர்கிட்ட புதுசு வெட்டித் தரச் சொல்லியிருக்கேன்.

ஒரு அதிசயம் கேளு. அந்த மூணு நட்டு இருக்கே, ஆறு மூலையும் மழுங்கி உருண்டையாயிருக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவை கை வைக்க வேண்டிய நட்டு எப்படி இவ்வளவு தேயும்? முறுக்குற பக்கம் மட்டும்னா சரி, தளர்த்துற பக்கமும் நூத்துக்கணக்குல கை வச்ச மாதிரி தேஞ்சிருக்கு. உனக்கு ஏதாவது தெரியுமா?

அப்பாவுக்கு எல்லா வேலையும் தெரியும், கிளட்ச் அட்ஜஸ்ட் பண்ண மட்டும் தெரியாது. நான் மில்லுக்குள்ள வந்த புதுசுல ஒவ்வொரு திங்கக்கிழமையும் இதே கதைதான். மரத்தை ரம்பத்துல கொடுத்ததும் பெல்ட் நின்னுடும், கிளட்ச் வழுக்கும். “எத்தனை தடவை சொல்றது, தளர்வா விட்டிருக்கீங்க”ன்னு மரம் வாங்க வந்தவங்க முன்னாலயே கத்துவேன். மனுஷன் வாயே திறக்க மாட்டார். ஸ்பேனரை எடுத்துக்கிட்டுக் குனிஞ்சுடுவார். நாலு வருஷம் அப்படி!

சீசன் எப்ப முடியும்? நாளைச் சொல்லு, ஸ்டேஷனுக்கு வர்றேன்.

அண்ணன்


ஏப்ரல் 19

அண்ணாவுக்கு,

நலம். பதில் தாமதம், வேலை அதிகம். பழைய நட்டு தேயத்தான் செய்யும், அதுல என்ன அதிசயம்? அப்பாவைத் திட்டாதே. அவருக்கு அட்ஜஸ்ட் பண்ண நல்லாவே தெரியும்.

இப்ப வர முடியாது போல. அண்ணியைப் பின் வைக்கச் சொல்லேன், அவங்க கையும் சின்னதுதான். எல்லாரையும் கேட்டதாச் சொல்லு.

சுண்டெலி


மே 2

சுண்டெலிக்கு,

நாங்க நலம். உன் உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? ஆறு வாரம் காத்திருந்து பிரிச்சா தந்தி மாதிரி ஏழெட்டு வரி! அதுவும் எறும்பு ஊர்ந்த மாதிரி, கடைசி வரி போகப் போகப் புள்ளியாயிடுச்சு. உங்க அண்ணி பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சுச் சொன்னா. பேப்பர் மிச்சம் பிடிக்கிறியா என்ன?

புதுத் தட்டு வந்து மாட்டியாச்சு. நீ சொன்ன மாதிரியே விரல் முறுக்குலேர்ந்து எண்ணினேன். நடுவுல டீ வந்துச்சு. குடிச்சுட்டு வந்து எந்த நட்டுல விட்டேன்னு மறந்து, ஒண்ணுல ஒரு காடி கூடிப் போச்சு. லிவரைத் தள்ளினா டொப்பன் முயல் மாதிரி எகிறிக் குதிச்சான். சுவத்துல இடிக்க இருந்தேன். உடனே உன் முகம்தான் ஞாபகம் வந்துச்சு, “பொறுமை கிடையாது”ன்னு. மறுபடி முதல்லேர்ந்து எண்ணினேன்.

இப்ப கச்சிதம். விறகு நிறுக்கிற கொக்கித் தராசை லிவர் நுனியில மாட்டி இழுத்துப் பார்த்தேன். இருபத்தேழு கிலோவுல போய் ‘டக்’னு உட்காருது. அந்த டக் எனக்குக் கேக்காது. உள்ளங்கையில தெரியுது, அது போதும்.

பின் மட்டும்தான் பாக்கி. நோஸ் பிளையர்ல பிடிச்சு வைக்கப் பார்த்தேன். ரெண்டு பின் புல்லிக்குள்ள விழுந்து, காந்தத்தைக் கயித்துல கட்டி மீன் பிடிக்கிற மாதிரி பிடிச்சேன். அண்ணியால முழங்காலை மடக்கிக் குனிய முடியாது. சாக்குப்போக்கு சொல்லாம நீ வா.

அண்ணன்


ஜூன் 21

அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். எழுத்து புதுசா இருக்கேன்னு பயப்படாதே. கண்ணாடி மாத்தணும், அதுவரைக்கும் கீழ் வீட்டு டீச்சரம்மா எழுதித் தர்றாங்க. நான் சொல்லச் சொல்ல அப்படியே எழுதணும்னு சத்தியம் வாங்கியிருக்கேன். திருத்த மாட்டாங்க.

முயல் மாதிரி குதிச்சதைப் படிச்சு வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

நட்டு விஷயம். அப்பாகிட்ட கொடுத்த வாக்கு இது. அவர் போயும் பதினோரு வருஷம் ஆச்சு. நீ திட்டுறதை இனிமே என்னால கேட்டுக்கிட்டிருக்க முடியாது, சொல்லிடுறேன்.

நீ டொப்பனைக் கொண்டு போய் கேட்டுல மோதினே இல்லையா? சீட்டுல உட்காரவே கூடாதுன்னு அப்பா ஒரு வருஷம் உன்னைத் தள்ளி வச்சார். ஞாயித்துக்கிழமை நீ பந்து விளையாடப் போயிடுவே. அந்த நேரத்துல அப்பா என்னை ஏத்தி உட்கார வைப்பார். எனக்குப் பன்னிரண்டு வயசு. லிவரைத் தள்ளினா அசையவே அசையாது, நான்தான் பின்னால போவேன். ரெண்டு கையால தள்ளிப் பார்த்து அழுதுட்டேன். அப்பா இறங்கி மூணு நட்டையும் ரெண்டு காடி தளர்த்திட்டு, “இப்பத் தள்ளு”ன்னார். பிடிச்சுக்கிச்சு! ஷெட்டுலேர்ந்து குளத்தங்கரை மர அடுக்கு வரைக்கும் ஓட்டிட்டுப் போய்த் திரும்பினேன். அப்பா பக்கத்துலயே நடந்து வந்தார். எனக்கு ஊரே காலடியில இருந்துச்சு.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் தளர்த்துவார், சாயங்காலம் முறுக்குவார். பாதி நாள் முறுக்க மறந்துடுவார். திங்கக்கிழமை நீ கத்துவே. நான் சமையல்கட்டுல நின்னு கேட்டுக்கிட்டிருப்பேன். “அண்ணன்கிட்ட சொல்லாதே, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான்”னு எங்கிட்ட வாக்கு வாங்கியிருந்தார்.

ஒண்ணு கேக்கணும். இருபத்தேழு கிலோன்னா எவ்வளவு கனம்? ஒரு பக்கெட் தண்ணியா, ரெண்டா? சும்மாதான் கேட்டேன்.

சுண்டெலி


ஜூன் 29

அடிப்பாவி சுண்டெலிக்கு,

நலம்னு எழுதவா, வேண்டாமான்னு யோசிச்சேன். அப்பாவும் மகளும் சேர்ந்து என்னை நல்லா முட்டாளாக்கியிருக்கீங்க! அறுபத்தி நாலு வயசுல இப்பப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு ஒரு நாள் பூரா உட்கார்ந்திருந்தேன். அண்ணி வந்து என்னன்னு கேட்டா. சொன்னேன். அவ சிரிச்சா. எனக்கு அழுகை வந்துடுச்சு. நாலு வருஷம் அத்தனை பேர் முன்னால கத்தினேனே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “நான் வேணும்னேதான்டா தளர்த்தினேன்”னு சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்?

சரி, நீ விஷயத்துக்கு வா. சீருடை சீசன் ஜூனோட முடிஞ்சாச்சு. கண்ணாடி மாத்த நாலு நாள் போதும். யாருக்குக் காது குத்துறே? மில்லை மூடுறேன்னு கோபமா? டொப்பனை உன்னைக் கேக்காம கொடுத்துட்டேன்னு வருத்தமா? மனசுல இருக்கிறதைச் சொல்லு. வர இஷ்டமில்லைன்னா அதையாவது சொல்லு.

டீச்சரம்மாவுக்கு வணக்கம். எழுத்து முத்து முத்தா இருக்கு.

அண்ணன்


ஜூலை 30

சுண்டெலிக்கு,

நாங்க நலம். ஒரு மாசமா உன் பதில் இல்லை. இதுக்கும் பதில் வேண்டாம், படிச்சா போதும்.

பக்கெட் கணக்குக் கேட்டிருந்தியே, அதுக்குப் பதில் எழுதலாம்னு போன வாரம் உன் கடுதாசியை எல்லாம் எடுத்து ரம்ப மேடை மேல வரிசையா வச்சேன். முதல்ல கோணல் மாணல். அப்புறம் எறும்பு. அப்புறம் வேற ஒருத்தர் கை. அப்புறம் ஒண்ணுமே இல்லை.

போன வருஷம் மே மாசம் இங்க வந்தப்போ காபி டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிச்சே. “குளிருதா?”ன்னு கேட்டேன். “ஆமா”ன்னே. மே மாசத்துல! நான் மரமண்டை, போர்வை எடுத்துக் கொடுத்தேன்.

நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். சொல்றதை மட்டும் கேளு.

நேத்து மூணு நட்டையும் ரெண்டு காடி தளர்த்திட்டேன். லிவர் நுனியில ஒரு முழம் குழாய் மாட்டி நீட்டியிருக்கேன். தராசை மாட்டிப் பார்த்தா எட்டு கிலோ. அரை பக்கெட் தண்ணி, அவ்வளவுதான். வலது கை வேண்டாம்னா இடது கையை இந்தப் பக்கம் கொண்டு வந்தும் தள்ளலாம், ஸ்டியரிங்கை நான் பிடிச்சுக்கிறேன். ரம்பம் ஓடாது, பாரம் இழுக்காது. ஷெட்டுலேர்ந்து குளத்தங்கரை வரைக்கும் போகும், திரும்பும். பத்து தடவை ஓட்டிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்.

பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர் வந்து லிவரை ஆட்டிப் பார்த்தார். “நாப்பத்தெட்டு வருஷமா இதோட கிடக்கிறீங்க, ஒரு கிளட்ச் அட்ஜஸ்ட் பண்ணத் தெரியலையே”ன்னார். நாலு பேர் வேற நின்னாங்க. நான் வாயே திறக்கலை.

அண்ணன்


ஆகஸ்ட் 7

அண்ணாவுக்கு,

நலம்னு இந்தத் தடவை எழுத வேண்டாம்னு டீச்சரம்மாகிட்ட சொல்லிட்டேன்.

கை நடுங்குது அண்ணா. ரெண்டு வருஷம் ஆகப் போகுது. வலது கையில ஆரம்பிச்சது, இப்ப இடதுலயும் கொஞ்சம். மாத்திரை சாப்பிட்டா ரெண்டு மணி நேரம் அடங்கியிருக்கும். உயிருக்கு ஒண்ணும் இல்லை, ஆனா குணமாகாதுன்னு டாக்டர் நேராவே சொல்லிட்டார். தையல் கடைக்குப் போன வருஷமே முழுக்குப் போட்டாச்சு. ஊசியில நூல் கோக்க முடியலை. சீசன்னு சொன்னது பொய். கண்ணாடியும் பொய், என் கண்ணு ஜோரா இருக்கு.

நீ வேற எதுக்காவது கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேன். நீ கேட்டது என் கையை. அதைத் தவிர என்ன வேணும்னாலும் கேட்டிருக்கலாம். அந்த வீட்டுல என்னைச் சுண்டெலின்னு கூப்பிட்டதே இந்தக் கையாலதானே? அங்கே ஒரு இடத்துலயாவது நான் பழைய மாதிரியே இருந்துட்டுப் போறேன்னு நினைச்சேன். வந்தா எல்லாரும் கையைத்தான் பார்ப்பாங்க.

உன் கடுதாசியை டீச்சரம்மாவைப் படிக்கச் சொன்னேன். “நான் வாயே திறக்கலை”ங்கிற இடத்துல அவங்க நிறுத்திட்டாங்க. இப்ப பேனாவை வச்சுட்டு முந்தானையால கண்ணைத் துடைக்கிறாங்க. இதையும் எழுதுங்கன்னு சொல்லியிருக்கேன். எனக்கு நேத்தே அழுது முடிஞ்சாச்சு.

அண்ணி முழங்கால் எப்படி இருக்கு?

சுண்டெலி


ஆகஸ்ட் 12

சுண்டெலிக்கு,

அண்ணி முழங்கால் தேவலை. நீ நலமில்லைன்னு சொன்னது எனக்கு நிம்மதியா இருக்கு. பைத்தியக்காரன்னு நினைச்சுக்கோ, அந்தப் பொய் நலம் என்னை அப்படி அரிச்சுக்கிட்டிருந்துச்சு.

கையைப் பார்த்தா பார்த்துட்டுப் போறாங்க. என்கிட்ட வர்றவன் எல்லாம் காதுகிட்ட வாயை வச்சுக் கத்துறான், எச்சில் வேற தெறிக்குது. நான் என்ன ஊரை விட்டா ஓடிட்டேன்?

கல்லூரி லாரியைச் செப்டம்பர் பதினஞ்சுக்குத் தள்ளி வச்சாச்சு. கிளட்சுல இன்னும் வேலை பாக்கி இருக்குன்னு சொன்னேன், அது பொய்யில்லை. அண்ணியை ஸ்டூல் போட்டு உட்கார வச்சு ரெண்டு பின் கோத்துட்டோம். அவ கொண்டை ஊசியை வச்சுத் தள்ளினா, சட்டுனு போயிடுச்சு. அதைப் பார்த்துட்டு ஒர்க்‌ஷாப்காரரும் ஒரு கொண்டை ஊசி கேட்டு வாங்கிட்டுப் போனார்.

மூணாவதை அவளும் வைக்கிறேன்னா. வேண்டாம்னுட்டேன். காகிதத்துல மடிச்சு என் சட்டைப் பையில வச்சிருக்கேன். நான் பிடிச்சா அது ஓட்டைக்குள்ள போகாது, நீ பிடிச்சா நிக்காது. உன் கையை நான் பிடிச்சுக்கிறேன், பின்னை நீ பிடி. அது வச்ச பிறகுதான் டொப்பனை மறுபடி ஸ்டார்ட் பண்ணுறதா இருக்கேன்.

மாத்திரையை மறக்காம எடுத்துக்கிட்டு வா.

அண்ணன்


ஆகஸ்ட் 25

அண்ணாவுக்கு,

வியாழக்கிழமை ராத்திரி ரயில். வெள்ளி காலையில எட்டு மணிக்கு வந்துடுவேன். ஸ்டேஷனுக்கு டொப்பனை ஓட்டிக்கிட்டு வந்து மானத்தை வாங்காதே.

பின்னைச் சட்டையோட துவைக்கப் போட்டுடாதே.

கை ஆடுது. ஆனா இன்னும் சின்னக் கைதான்.

இதை நானே எழுதினேன். டீச்சரம்மா பக்கத்துல சும்மா உட்கார்ந்திருக்காங்க. காலையில காபி குடிச்சுட்டு ஆரம்பிச்சது, இப்ப விளக்குப் போடுற நேரம்.

சுண்டெலி